ஓரத்தில் நின்றவர்கள்

“நடு வழியில யாராவது வாளியை வைப்பாளா?”

துணி உலர்த்திக்கொண்டிருந்த பாமா திரும்பிப் பார்த்தாள். வாளி வழியில் இல்லை. எப்போதும் போலக் குழாயடிச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அவள் கணவர் சேஷகிரியின் கால்தான் அங்கே போயிருந்தது. கவிழ்ந்த வாளியிலிருந்து நீலம் கரைத்த தண்ணீர் அவர் வேட்டி நுனியை நனைத்துவிட்டுப் பின்கட்டு முழுக்க ஓடியது.

“ஓரமாத்தான் வச்சிருந்தேன்.”

“ஓரமா! நான் என்ன குருடனா? வேணும்னே பண்றே.”

பாமா வாளியை நிமிர்த்தி வைத்தாள். பதில் பேசினால் அது அலுவலகத்துக்குக் கிளம்பும் வரை நீளும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மூன்று வருடமாக வீட்டில் இதே கதைதான். அலமாரிக் கதவைத் திறந்து வைத்தது யார், காபி டம்ளரைக் கைபடும் இடத்தில் வைத்தது யார், சோபாவுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது யார்? எல்லாம் அவள்தான். ஆரம்பத்தில் எதிர்த்துப் பேசினாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நாம்தான் கவனமில்லாமல் இருக்கிறோமோ? அலமாரியை மூடிவிட்டு இன்னொரு தடவை வந்து தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவளிடம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தொலைபேசி இலாகாவில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவள், தன் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நடமாடினாள்.

வெளியிலும் அவர் அப்படித்தான் இருந்தார். பொதுப்பணித் துறையில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். தாத்தா காலத்திலிருந்தே மைசூர் அரசாங்கச் சம்பளம் வாங்கிய குடும்பம். இந்திராநகரில் சொந்த வீடு. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவார். “எவனுக்கும் ரோடு சென்ஸ் கிடையாது. எங்கேர்ந்தோ திடீர்னு வந்து குறுக்க விழறான். ஊரே கெட்டுப்போயிடுத்து.” அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். எங்கே பார்த்தாலும் மேம்பாலத்துக்குப் பள்ளம், தெருவுக்குத் தெரு புது மாருதி. அவர் சொன்னதற்குப் பக்கத்து வீட்டு அனந்தபத்மநாபனும் தலையாட்டினார், பால் பூத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். பெங்களூரில் அப்போது எல்லோருமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் சேஷகிரி சொல்வதில் வேறு ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கண் என்று நினைக்கவும் இடமில்லை. பேப்பரில் வரன் விளம்பரத்தின் பொடி எழுத்தைக்கூடப் படிப்பார். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை மகள் சுப்ரியாவுக்கு முன்னால் சொல்லிவிடுவார். “இந்த வயசுல என் பார்வையைப் பாரு” என்று அதில் அவருக்குப் பெருமை வேறு.

வாளி கவிழ்ந்த அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் பாமாவின் அலுவலகத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஸ்கூட்டர் விபத்து, சார் நன்றாகத்தான் இருக்கிறார், கையில் மட்டும் அடி என்றார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சேஷகிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவரை “நீவு கூத்கொள்ளி சார்” என்று கன்னடத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லி உபசரித்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே சுவரோரமாக ஒரு ஆட்டோக்காரன் நின்றான். முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. வலது கன்னத்தில் விரல் தடம் சிவப்பாகத் தெரிந்தது.

“ரோடு காலியா இருந்தது. கண்ணால பார்த்துட்டுத்தான் திருப்பினேன். எங்கேர்ந்து வந்தான்னே தெரியலை. ராஸ்கல், குடிச்சிருப்பான்” என்றார் சேஷகிரி.

“குடிக்கிற பழக்கமே இல்ல சார் எனக்கு” என்றான் ஆட்டோக்காரன். அவன் பெயர் எத்திராஜ். வீடு ஜோகுபாளையம். “நான் நேரா வந்துக்கினு இருந்தேன். சார்தான் சடக்னு என் மேல திருப்பினாரு. கீழ விழுந்து எந்திரிக்கிறேன், வந்து ஒரே அறை.”

“ஏ, சும்னிரு!” என்று சப்-இன்ஸ்பெக்டர் அவனை அடக்கினார்.

புகார் சேஷகிரி சொன்னபடியே எழுதப்பட்டது. ஆட்டோவை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைத்துவிட்டார்கள். முன் கண்ணாடி நொறுங்கி, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்த வண்டியின் பக்கத்தில் எத்திராஜின் மனைவி சின்னத்தாயி நின்றிருந்தாள். பாமா படியிறங்கியதும் அவள் கிட்டே வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் பாமா நினைத்தாள். ஆனால் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“யம்மா, நானும் வண்டியிலதான் இருந்தேன். பின்னாடி குந்தியிருந்தேன். ஐயா எங்க பக்கம் திரும்பினாரு. எங்களப் பாத்தாரு. பாத்துக்கினே வந்து இடிச்சாரு. எங்க மேல அவருக்கு இன்னாம்மா கோவம்?”

பின்னால் சேஷகிரி, “அவகிட்ட என்ன பேச்சு, வா” என்றார். பாமா போனாள். போகும் வழியெல்லாம் அந்தக் கன்னத்துத் தடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பொய் சொல்கிற முகமில்லை அந்தப் பெண்ணுக்கு. சேஷகிரியும் பொய் சொல்கிறவர் இல்லை. திட்டுவார், கத்துவார், ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்றால் நடுவில் ஏதோ இடிக்கிறது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். சாப்பாட்டை ஸ்பூனால் இடது கையில் எடுத்துச் சாப்பிடவேண்டியிருந்தது. மறுநாள் மத்தியானம் அவர் பக்கத்தில் நின்று பாமா ரசம் கிண்ணத்தை நீட்டினாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, “ரசம் எங்கே? எவ்வளவு நாழி?” என்றார்.

கிண்ணம் அவர் காதுக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

பாமா பேசாமல் கிண்ணத்தை மெல்ல முன்னால் நகர்த்தினாள். கன்னத்தைத் தாண்டியது. புருவத்தைத் தாண்டியது. அவர் கண் கொட்டவில்லை. மூக்கின் நுனிக்கு நேரே வந்தபிறகு தூக்கிவாரிப் போட்டு, “திடீர்னு மூஞ்சிக்கு நேரா நீட்டறியே, அறிவிருக்கா?” என்று கத்தினார்.

அவள் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். அடுப்படிக்குள் போய், மேடையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பயம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணைச் சும்மா ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சுப்ரியா வைட்ஃபீல்டில் தன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைச் சேஷகிரி கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார். “போதுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

டாக்டர் தாரணி சின்ன வயதுக்காரி. நிதானமாகப் பேசினாள். “இன்னும் கொஞ்சம் உக்காருங்க சார்” என்று சொல்லி, கண்ணின் அழுத்தத்தை அளந்தாள். சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரிந்தபிறகு விளக்கைப் பாய்ச்சி உள்ளே பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பாமா கவனித்தாள். இன்னொரு சோதனை இருக்கிறது, வேறொரு நாள் வரவேண்டும் என்றாள்.

அந்தச் சோதனைக்கு ஒரு இருட்டறை. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு மெஷின். அதன் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கவேண்டும். கிண்ணத்தின் உள்ளே அங்கும் இங்கும் சின்ன வெளிச்சம் மின்னும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான்.

சேஷகிரி கோபமாக வெளியே வந்தார்.

“மெஷின் ரிப்பேரு. எப்பவோ ஒரு தடவை நடுவுல மினுக்குன்னுது. மத்த நேரமெல்லாம் சும்மா உக்காத்தி வச்சுட்டா. டாக்டர்கிட்ட சொல்லு, இதுக்கெல்லாம் சார்ஜ் பண்ணப்படாது.”

மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். வெளிச்சம் ஒரு கணமும் நிற்கவில்லை. அதைக் கதவிடுக்கு வழியாகப் பாமாவே பார்த்திருந்தாள்.

டாக்டர் தாரணி மெஷின் அச்சடித்துக் கொடுத்த படத்தை மேஜைமேல் வைத்தாள். வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சாவித்துவாரம் போல வெளுப்பு. இன்னொரு கண்ணுக்கும் அப்படித்தான்.

“கிளாக்கோமா சார். கண்ணுக்குள்ள முன்பக்கத்துல தண்ணி மாதிரி ஒரு திரவம் ஓயாம ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுற அளவுக்கு வெளியேயும் போகணும். கருவிழி ஓரத்துல சல்லடை மாதிரி ஒரு வடிகால் இருக்கு. அது மந்தமாச்சுன்னா உள்ள அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது. ஆனா பின்னால, பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படுற இடம் இருக்கில்ல, அது தாங்காது. மெல்லிசு இழைங்க, லட்சக்கணக்குல. கொஞ்சம் கொஞ்சமா செத்துடும். பெரும்பாலும் ஓரத்துப் பார்வைதான் முதல்ல போகும். நேரா பார்க்குறது கடைசிவரைக்கும் நிக்கும். அதனாலதான் எழுத்தெல்லாம் படிக்கிறீங்க.”

வடிகால் என்றதும் சேஷகிரி நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரிந்த விஷயம். “அடைப்பை எடுத்துட்டா சரியாயிடும், இல்லையா?”

“அழுத்தம் இறங்கும். அதுக்குத்தான் மருந்து. இருக்குற பார்வையைக் காப்பாத்திக்கலாம். போனது வராது.”

“போகவே இல்லையே! கண்ணு போனா இருட்டா இல்லையோ தெரியணும்? எனக்கு எங்கேயும் இருட்டே இல்லை. இதோ, ரூம் முழுக்கத் தெரியறது. என்ன படிச்சேளோ போங்கோ!” மேஜையை இடது கையால் தட்டினார்.

தாரணி கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் கூட்டல் குறி ஒன்றும், நாலு விரல் அகலம் தள்ளி வலது பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்புப் பொட்டு ஒன்றும் வரைந்தாள். அதை அவரிடம் கொடுக்காமல் பாமாவிடம் கொடுத்தாள்.

“இடது கண்ணை மூடிக்குங்க. வலது கண்ணால கூட்டல் குறியை மட்டும் பாருங்க. அப்படியே தாளைக் கிட்ட கொண்டுவாங்க, மெதுவா.”

பாமா அப்படியே செய்தாள். தாள் நெருங்க நெருங்க, ஓரிடத்தில் கறுப்புப் பொட்டு காணாமல் போயிற்று. அவள் பதறினாள். பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை இல்லை, நிழல் இல்லை. சுத்தமான வெள்ளைத் தாள்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். பொட்டு திரும்ப வந்தது.

“உங்க கண்ணு நல்ல கண்ணும்மா. எல்லாருக்குமே இப்படித்தான். நரம்பு கிளம்புற இடத்துல பார்க்குற அணுக்கள் கிடையாது. அங்க ஒண்ணும் தெரியாது. ஆனா மூளை அதைக் காலியா விடாது. சுத்தி என்ன இருக்கோ அதையே போட்டு நிரப்பிடும். தாள் இருந்தா தாள், சுவர் இருந்தா சுவர். சாருக்கு அந்த இடம் ரொம்பப் பெரிசாயிடுச்சு. ரோடு இருந்தா ரோடு. நடுவுல யார் நின்னாலும் வெறும் ரோடுதான் தெரியும். இனிமே வண்டி ஓட்டக் கூடாது சார்.” பிறகு சுப்ரியாவிடம் திரும்பி, “ரத்த உறவுல வரலாம். நீங்களும் பரிசோதனை பண்ணிக்குங்க” என்றாள்.

பாமா தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோடு காலியா இருந்தது, கண்ணால பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. எங்களப் பாத்துக்கினே வந்து இடிச்சாரு. அவளும் சொல்லவில்லை. சேஷகிரியின் கண்ணுக்குள் எத்திராஜும் சின்னத்தாயியும் ஆட்டோவோடு சேர்ந்து வெறும் தார் ரோடாக ஆகியிருந்தார்கள். அவள் வைத்த வாளி வெறும் தரையாக ஆகியிருந்தது. எத்தனையோ சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளே வெறும் சோபாவாக ஆகியிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் சேஷகிரி சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சுப்ரியா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செய்தி தெரிந்து அனந்தபத்மநாபனும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். “பாவம், அதான் மனுஷன் அப்படி எரிஞ்சு விழுந்திருக்கார். நீதான் இனிமே அனுசரிச்சுண்டு போகணும் பாமா” என்றாள் அந்த அம்மாள். பாமா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவர்கள் போனபிறகு சேஷகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“பார்த்தியா? என் மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் கண்ணோட தப்பு.”

“ஆமாப்பா, நீங்க என்ன பண்ணுவேள்?” என்றாள் சுப்ரியா. “அம்மா, பாவம்மா அப்பா. இத்தனை நாள் நாம புரிஞ்சுக்கவே இல்லை.”

பாமா காபி டம்ளர்களைக் கையில் எடுத்திருந்தாள். அவற்றை மறுபடி மேஜையில் வைத்தாள். சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“என்ன புரிஞ்சுக்கலை?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அந்தக் குரலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

“கண்ணு தெரியலை. வாளி தெரியலை. சரி. வாளியை நான் வேணும்னே வச்சேன்னு உங்களுக்கு எந்தக் கண்ணு சொல்லித்து?”

“பாமா…”

“இருங்கோ. இத்தனை வருஷம் நீங்க பேசினேள். கதவு தெரியலை, சரி. கதவைத் திறந்து வச்சவ தண்டம், தறுதலைன்னு எந்த நரம்பு சொல்லித்து? அலமாரியை மூடிட்டு மறுபடி மறுபடி வந்து தொட்டுப் பார்க்கறேன் நான். எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சோன்னு நினைச்சுண்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘எனக்குத் தெரியலையே, ஏன்?’னு கேட்டிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருப்போம். பாதிக் கண்ணாவது மிஞ்சியிருக்கும். உங்களுக்குத் தெரியாத இடத்துல இருக்கறவா எல்லாம் அயோக்கியா, அப்படித்தானே?”

“அம்மா, அவர் உடம்பு சரியில்லாதவர்ம்மா” என்று சுப்ரியா எழுந்தாள்.

“நீ உக்காரு. அந்த ஆட்டோ தெரியலை, ஒத்துக்கறேன். எழுந்து போய் அவனை அறைஞ்சாரே, அப்போ அவன் கன்னம் தெரிஞ்சுதோல்லியோ? நேரா, நடுவுல, நன்னாத் தெரிஞ்சுதே!”

சேஷகிரியின் கை மாவுக்கட்டைத் தடவியது. பாமாவின் நெஞ்சுக்குள் இத்தனை இருந்தது அவளுக்கே தெரியாது. அழவேண்டும் போலிருந்தது. அழவில்லை.

“நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரேள். உங்க மேல தப்புன்னு சொல்றேள்.”

“என்னால முடியாது. டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சா என்ன ஆகும்? என் மரியாதை…”

“அவன் வண்டி அங்கே வெயில்ல நிக்கறது.”

அவர் மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் பாமா மட்டும் ஸ்டேஷனுக்குப் போனாள். புகார் கொடுத்தவரே வந்து சொல்லவேண்டும், நீங்கள் சொன்னால் எடுபடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வாசலில் சின்னத்தாயி அன்றும் உட்கார்ந்திருந்தாள். பாமா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். கண் நோயைப் பற்றிச் சொன்னபோது சின்னத்தாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “அடப் பாவமே” என்றாள். பிறகு, “அப்ப எங்க மேல தப்பில்லன்னு ஐயாவே வந்து சொல்லிடலாமே?” என்றாள்.

மாவுக்கட்டுக் கையால் சேஷகிரியால் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்ள முடியாது. காலையிலும் சாயங்காலமும் பாமாதான் விட்டாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விடுவாள். விட்டதும், “ஸ்டேஷன்” என்பாள். வேறு எதுவும் பேச மாட்டாள். சமைத்தாள், துணி மடித்தாள், ஸ்கூட்டர் சாவியைத் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து மருந்து விட்டாள். “ஸ்டேஷன்.” முதலில் அவர் கத்தினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடிய இமைக்குள் மருந்து எரிய, ஒரு நாள் காலையில், “சட்டையை எடுத்துக் கொடு” என்றார்.

ஸ்டேஷனில் எத்திராஜைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவன் வந்து சேஷகிரிக்கு இடப்பக்கம் நின்றான். கன்னத்துச் சிவப்பு போயிருந்தது. சேஷகிரி சப்-இன்ஸ்பெக்டரிடம் கன்னடத்தில், தனக்குக் கண்ணில் கோளாறு என்றும், தான்தான் பார்க்காமல் திருப்பியது என்றும், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் சொன்னார். அலுவலகக் குறிப்பு வாசிக்கிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்துவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவனைப் பார்த்து, “நீ வண்டியை எடுத்துக்கோப்பா” என்றார். அந்த ஆள் விழித்தான்.

பாமா அவர் முகவாயைப் பிடித்தாள். தினமும் மருந்து விடும்போது பிடிக்கிற அதே பிடி. இடப்பக்கம் திருப்பினாள். எத்திராஜின் முகம் அவருக்கு நேரே வந்தது.

சேஷகிரி அவனைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உன்னை அறைஞ்சது…” என்று ஆரம்பித்தார். “அது கண்ணால இல்லை. தப்பு. மன்னிச்சுடு.”

எத்திராஜ் பெருந்தன்மை எதுவும் காட்டவில்லை. “சரி சார்” என்றான், அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போய், நசுங்கிய பக்கத்தைக் குனிந்து பார்த்தான். சின்னத்தாயி சீட்டின் மேல் படிந்த தூசியை முந்தானையால் தட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜோகுபாளையம் பக்கம் போனார்கள். வண்டியைச் சரிசெய்யும் செலவு நம்முடையது என்று பாமா கூடவே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதைக் கேட்டும் எத்திராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

பாமாவும் சேஷகிரியும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நாலடி முன்னால், அவருக்கு நேரே தெரிகிற இடத்தில் நடந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை.

திருப்பத்தில் யாரோ நடைபாதையில் செங்கல் அடுக்கிவைத்திருந்தார்கள். சேஷகிரியின் கால் அதில் மோதியது. தடுமாறி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது, பல்லைக் கடித்தார். “எவண்டா…” என்று வாய்வரை வந்துவிட்டது. பாமா நின்று, திரும்பி, அவரையே பார்த்தாள்.

அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இங்கே என்ன இருக்கு பாமா?” என்று கேட்டார்.

“செங்கல்” என்றாள் அவள். சொல்லிவிட்டு நடந்தாள்.